நாலு புள்ளி வைத்த வாக்கியம்: சிறுவர்க்கு முற்றுப்புள்ளியும் வினாக்குறியும் கற்பிப்போருக்கு ஒரு வழிகாட்டி

கடலூர் முதுநகரில் இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கு மாலை வேளையில் தமிழ் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய முதல் மாதம் முழுவதும், நான் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது "கடைசியில் புள்ளி வை" என்பதுதான். ஒரு சிறுமி "அம்மா மீன் வாங்கினாள்" என்று எழுதி நோட்டை நீட்டினாள். "புள்ளி எங்கே?" என்று கேட்டேன். அவள் விரலை வைத்து எண்ணிக் காட்டினாள்: அம்மாவில் ஒன்று, மீனில் ஒன்று, வாங்கினாளில் இரண்டு. "நாலு வெச்சிருக்கேன் அக்கா, இன்னும் எங்க வெக்கிறது?" என்றாள்.

அவள் கணக்கு சரி. கடைசி எழுத்தான 'ள்' தலையில் ஒரு புள்ளியைச் சுமந்துகொண்டு நிற்கும்போது "கடைசியில் புள்ளி வை" என்றால் அந்தக் குழந்தை வேறு எதைச் செய்யும்? தமிழ் வாக்கியங்களில் பெரும்பாலானவை வந்தான், வந்தாள், வந்தார், வந்தேன் என்று மெய்யெழுத்தில்தான் முடிகின்றன. ஆங்கிலப் பயிற்சிப் புத்தகங்களைப் பார்த்து முறை வகுக்கும் நாம் இதை மறந்துவிடுகிறோம். நான் ஓராண்டு தடுமாறிக் கண்டுகொண்டவற்றை, புதிதாகத் தொடங்கும் பெற்றோருக்கும் தன்னார்வலருக்கும் பயன்படும் என்று கீழே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

1. குழந்தை தயாராக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

மூன்று சோதனைகள் போதும், மூன்றையும் ஒரே மாலையில் முடித்துவிடலாம். முதலாவது, யாருடைய உதவியும் இல்லாமல் மூன்று அல்லது நான்கு சொற்கள் கொண்ட வாக்கியம் ஒன்றைக் குழந்தை எழுத வேண்டும், சொற்களுக்கு நடுவே இடமும் விட வேண்டும். இரண்டாவது, மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி வைக்கும் பழக்கம் ஓரளவு உறுதிப்பட்டிருக்க வேண்டும். 'மரம்' என்பதை 'மரம' என்று எழுதும் நிலையில் உள்ள குழந்தையிடம் முற்றுப்புள்ளியைக் கொண்டுபோனால், இரண்டு புள்ளிகளும் ஒன்றோடொன்று கலந்து இரண்டுமே கெடும். அப்படிப்பட்ட குழந்தைக்கு இன்னும் இரண்டு மாதம் எழுத்துப் பயிற்சியே கொடுங்கள்.

மூன்றாவது சோதனை காதுக்கானது. "நான் கடைக்குப் போய்" என்று சொல்லி நிறுத்திவிட்டு, குழந்தையின் முகத்தைப் பாருங்கள். காது தயாராக உள்ள குழந்தை, "போய்?" என்று உடனே கேட்கும். வெறுமனே உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால் நான்காம் படியில் கூடுதலாக ஒரு வாரம் செலவிட நேரும் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

என் அனுபவத்தில் இரண்டாம் வகுப்பின் பாதியில்தான் பெரும்பாலான பிள்ளைகள் இந்த மூன்றையும் தாண்டுகிறார்கள். தமிழக அரசுப் பள்ளிகளின் எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக நிலை பிரித்திருப்பார்கள். மலர் நிலைப் பிள்ளைகளோடு எழுத்து வேலையைத் தொடங்குங்கள். மற்றவர்கள் காது விளையாட்டில் மட்டும் சேர்ந்துகொள்ளட்டும். முதல் வகுப்பிலேயே தொடங்கிவிட வேண்டும் என்ற அவசரம் பெற்றோருக்கு இருக்கும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

2. வாங்க வேண்டியவையும் ஆகும் செலவும்

சென்ற ஆண்டு திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் சாலைக் கடைகளில் ஒரு குழந்தைக்கென்று நான் வாங்கியவை இவை: இரட்டைக் கோடு நோட்டு இரண்டு, 60 ரூபாய், சிலேட்டு ஒன்று, 40 ரூபாய், சார்ட் தாள் ஒன்று, 10 ரூபாய், ஸ்கெட்ச் பேனா ஒரு பெட்டி, 50 ரூபாய், கறுப்பு நிற ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்று, 10 ரூபாய். மொத்தம் 170 ரூபாய். பேனாப் பெட்டியையும் சார்ட்டையும் பல பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளலாம் என்பதால் பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கு 120 ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. இவற்றோடு வீட்டு அஞ்சறைப் பெட்டியின் அருகில் கிடக்கும் புளியங்கொட்டை ஒரு கைப்பிடி வேண்டும். அதற்குச் செலவில்லை.

நோட்டு இரட்டைக் கோடாகவே இருக்கட்டும். ஆங்கிலத்துக்கான நான்கு கோடு நோட்டில் தமிழ் எழுதும் குழந்தைக்கு எந்தக் கோட்டின் மேல் முற்றுப்புள்ளி உட்கார வேண்டும் என்பது விளங்குவதில்லை.

அச்சிட்ட பயிற்சிப் புத்தகங்களில் பணத்தைப் போடாதீர்கள். நான் 120 ரூபாய் கொடுத்து வாங்கிய ஒன்றில், 'முற்றுப்புள்ளி இடுக' என்ற கட்டளைக்கே முற்றுப்புள்ளி இல்லை. அதைக் கண்டுபிடித்தவன் ஒரு மூன்றாம் வகுப்புப் பையன். படிக்கத் தேவையான பத்திகளுக்குக் குழந்தையின் பாடநூலே போதும். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் எல்லா வகுப்பு நூல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. வேண்டிய இரண்டு மூன்று பக்கங்களை மட்டும் அச்செடுத்து, குறிகளை வெள்ளை மையால் அழித்து, அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் ஆகவில்லை.

3. பெயர்களைச் சரிசெய்துகொள்ளுங்கள்

'புள்ளி' என்ற சொல்லைத் தனியாகச் சொல்வதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். எழுத்தின் மேலே வருவதற்கு 'தலைப்புள்ளி' என்றும், வாக்கியத்தை முடிப்பதற்கு 'முற்றுப்புள்ளி' என்றும் எப்போதும் முழுப்பெயர் சொல்லிப் பழகுங்கள். ஏழு வயதுக் குழந்தைக்கு 'முற்றுப்புள்ளி' என்ற சொல் கடினம் என்று நினைத்து, நான் சுருக்கமாகக் 'கால்ல வெக்கிற புள்ளி' என்று சொல்லிக்கொடுத்தேன். அப்போது நன்றாகத்தான் வேலை செய்தது. அடுத்த ஆண்டு பள்ளியில் 'காற்புள்ளி' வந்தபோது என் பிள்ளைகள் ஒன்பது பேர் காற்புள்ளி கேட்ட இடத்திலெல்லாம் முற்றுப்புள்ளியை வைத்துவிட்டு வந்தார்கள். குறுக்குப் பெயர்கள் இப்படித்தான் பிறகு வந்து கழுத்தைப் பிடிக்கும்.

மற்ற இரண்டு குறிகளுக்கு ஒவ்வொரு பள்ளியிலும் ஒவ்வொரு பெயர் புழங்குகிறது. வினாக்குறியா கேள்விக்குறியா, உணர்ச்சிக்குறியா வியப்புக்குறியா ஆச்சரியக்குறியா என்பதைக் குழந்தையின் பாடநூலில் பார்த்து அதையே நீங்களும் சொல்லுங்கள். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு இடம் மாறும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டதால், இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேலான தூரத்தில் பாடநூலே மாறிப்போகும்.

4. எழுதுவதற்கு முன் காதுக்குப் பாடம்: இரண்டு வாரம்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள், நானும் குதித்தேன். முற்றுப்புள்ளியை மறக்கும் குழந்தை உண்மையில் அதை மறப்பதில்லை. வாக்கியம் முடிந்த இடம் அதன் காதில் விழுவதில்லை. ஆங்கிலத்தில் வாக்கியத்தின் தொடக்கத்தைக் காட்டப் பெரிய எழுத்து இருக்கிறது. தமிழில் அப்படி ஒன்று இல்லை. ஆகையால் வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவே நிற்கும் ஒரே வேலி கடைசியில் வரும் குறிதான்.

கற்பிப்பவர் மட்டும் தெரிந்துகொள்ள வேண்டிய இலக்கணம் ஒன்று உண்டு. போய், வாங்கி, வந்து, சாப்பிட்டு என்பவை வினையெச்சங்கள், எஞ்சி நிற்பவை. போனேன், வாங்கினேன், வந்தேன், சாப்பிட்டேன் என்பவை வினைமுற்றுகள், முற்றுப்பெற்றவை. முற்று வந்த இடத்தில்தான் முற்றுப்புள்ளி. குழந்தையிடம் இந்தச் சொற்களைச் சொல்ல வேண்டாம். எச்சத்தில் குரல் தொங்கி நிற்பதையும் முற்றில் இறங்கி உட்காருவதையும் கேட்கவைத்தால் போதும்.

விளையாட்டு இதுதான். குழந்தையின் முன்னால் பத்துப் புளியங்கொட்டைகளை வையுங்கள். நேற்று நடந்ததைச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு சேதி முடிந்ததும் ஒரு கொட்டையை எடுத்துத் தனியே வைக்க வேண்டும். ஒரு பையன் சில்வர் பீச்சுக்குப் போன கதையைச் சொன்னான்: "நேத்து அப்பாகூட பீச்சுக்குப் போனேன்," ஒரு கொட்டை. "மணல்ல வீடு கட்டி," இன்னொரு கொட்டை. நான் "கட்டி?" என்று மட்டும் கேட்டேன். அவன் கொட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு கொட்டையை எடுக்காமலேயே "கட்டினேன்" என்று சொல்லைத் திருத்திக்கொண்டான். குறி வைக்கப் பழகும்போதே வாக்கியமும் நேராகிவிடும் என்பதை நான் நம்பியது அன்றுதான்.

நீங்கள் திருத்த வேண்டியதில்லை. கடைசிச் சொல்லை மட்டும் கேள்வியாகத் திருப்பிச் சொல்லுங்கள். "கட்டி?" என்றால் குழந்தைக்கு உறுத்தும். "கட்டினேன்?" என்று திருப்பிச் சொன்னால், "ஆமா, கட்டினேன்" என்று தலையாட்டும்.

இந்தப் படியில் மூன்று குழிகள் உண்டு.

ஒன்று, 'வினைச்சொல் வந்தால் முடிந்தது' என்று விதியாகச் சொல்லிவிடுவது. "இது எங்கள் படகு." "எங்கள் தாத்தா மீனவர்." இவற்றில் வினைச்சொல்லே இல்லை, ஆனாலும் இவை முழு வாக்கியங்கள். அதைவிடப் பெரிய சிக்கல், பிள்ளைகள் பேச்சில் வினையை முன்னால் போட்டுவிடுவது: "நேத்து போனோம் அக்கா, பீச்சுக்கு." விதியைப் பிடித்துக்கொண்ட குழந்தை 'போனோம்' என்பதற்குப் பின்னால் கொட்டையை வைத்துவிட்டு, பீச்சை அநாதையாக விட்டுவிடும். அதனால்தான் விதியைக் காட்டிலும் குரல் இறங்கும் இடத்தை நம்புங்கள் என்கிறேன்.

இரண்டு, நீளமான வாக்கியத்தைப் பிழை என்று நினைப்பது. "காலையில் எழுந்து பல் துலக்கிக் குளித்துச் சாப்பிட்டுப் பள்ளிக்கு வந்தேன்" என்பது ஒரே கொட்டைதான். வெட்டாதீர்கள்.

மூன்றாவது 'அப்புறம்'. இது குழிபோலத் தோன்றினாலும் உண்மையில் கைவிளக்கு. "அப்புறம், அப்புறம்" என்று கோத்துக்கொண்டே போகும் குழந்தையை அதட்ட வேண்டாம். பெரும்பாலும் ஒவ்வொரு 'அப்புறம்' முன்னாலும் ஒரு கொட்டை விழும். பிறகு, ஆனால், அதனால் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

நாளொன்றுக்கு இருபது நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள். இந்த இரண்டு வாரமும் பென்சிலைத் தொடவே கூடாது. "பத்து நாளாகக் கொட்டை வைத்து விளையாடுகிறார்கள், எழுதவே இல்லை" என்று பெற்றோர் சிலர் குறைப்பட்டுக்கொள்வார்கள். முன்கூட்டியே சொல்லிவைத்தால் அந்தச் சங்கடம் வராது.

5. பொட்டு ஒட்டுதல், அதன் பிறகு எழுதுதல்

மூன்றாம் வாரம் பொட்டு அட்டையை வெளியே எடுங்கள். குறிகள் அழிக்கப்பட்ட ஜெராக்ஸ் தாளைக் குழந்தை வாய்விட்டுப் படித்து, குரல் இறங்கும் இடத்தில் பொட்டை உரித்து ஒட்ட வேண்டும். தவறினால் உரித்து வேறிடத்தில் ஒட்டலாம், அழிரப்பர் தேய்த்துத் தாள் கிழியும் அழுகை இல்லை. பையன்கள் முதல் நாள் சிரிப்பார்கள், நெற்றியில் ஒட்டிக்கொள்வார்கள், பத்து நிமிடம் போகட்டும் என்று விட்டுவிடுங்கள். முகத்துக்கு ஒரு பொட்டு, வாக்கியத்துக்கு ஒரு புள்ளி என்று நான் முதலில் உவமை சொல்லிப் பார்த்தேன். இரண்டு பிள்ளைகள் பொட்டை எழுத்தின் நெற்றியில், அதாவது தலைப்புள்ளி வரும் இடத்தில், ஒட்டினார்கள். உவமையைக் கைவிட்டேன், பொட்டை வைத்துக்கொண்டேன்.

நான்காம் வாரம் எழுத்து. முதலில் குழந்தை கதையைச் சொல்லிக் கொட்டைகளை வைக்கட்டும். பிறகு அதே கதையை எழுதட்டும். ஐந்து கொட்டை இருந்தால் தாளில் ஐந்து முற்றுப்புள்ளி இருக்க வேண்டும். எண்ணிப் பார்ப்பது குழந்தையின் வேலை, உங்களுடையது அன்று.

வைக்கும் இடத்தைக் கையைப் பிடித்துக் காட்டுங்கள். கீழ்க்கோட்டின் மேல், கடைசி எழுத்தை ஒட்டி, இடைவெளி விடாமல். அதற்குப் பிறகு ஒரு விரல் அகலம் விட்டு அடுத்த வாக்கியம். பென்சில் முனை ஒருமுறை தாளைத் தொட்டு எழுந்தால் போதும். சில பிள்ளைகள் உருண்டையாகச் சுழித்துக் கறுப்படிப்பார்கள், சிலர் சிறு வட்டம் போடுவார்கள். சிலேட்டில் இருபது முறை தொட்டுப் பழகினால் இரண்டே நாளில் சரியாகிவிடும்.

எதிர்பாராத இடத்திலிருந்து வரும் புள்ளிகள் இரண்டு. தன் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்தைப் போட்டுப் புள்ளி வைக்கும் பழக்கம் குழந்தைக்கு முன்பே இருக்கும். அங்கே எந்த வாக்கியமும் முடியவில்லையே என்று புத்திசாலிக் குழந்தை கேட்கும். புதுச்சேரி சாலையின் மைல்கல்லில் 'கி.மீ.' என்பதைப் பார்த்துவிட்டும் கேட்கும். "அது சொல்லைச் சுருக்கியதற்கான புள்ளி" என்று ஒரே வரியில் சொல்லி நகர்ந்துவிடுங்கள். அதேபோல் கடைப் பெயர்ப்பலகை, பேருந்தின் ஊர்ப்பலகை, பாடத்தலைப்பு ஆகியவற்றுக்கு முற்றுப்புள்ளி வேண்டாம் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டுரைத் தலைப்பு, பெயர், வகுப்பு என்று கண்டதற்கெல்லாம் வைப்பார்கள். 'இங்கே குப்பை கொட்டாதீர்கள்' என்ற சுவரெழுத்தைக் காட்டி, "இது முழு வாக்கியம்தானே, ஏன் வைக்கல?" என்று ஒருத்தி கேட்டபோது, எழுதியவர் மறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழியிருக்கவில்லை.

6. வினாக்குறி

முற்றுப்புள்ளி பத்துக்கு ஏழு இடத்திலாவது விழும் வரை இதைத் தொடாதீர்கள்.

தமிழில் கேள்வி பெரும்பாலும் இரண்டு வழியாக வருகிறது: யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி, எத்தனை போன்ற வினாச்சொற்களால் ஒன்று, சொல்லின் கடைசியில் ஒட்டும் 'ஆ' என்ற ஓசையால் இன்னொன்று: வந்தானா, இதுவா, போகலாமா. முதல் மூன்று நாள் வினாச்சொல், அடுத்த மூன்று நாள் 'ஆ', பிறகு இரண்டும் கலந்து என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்த அடையாளங்களை மட்டும் நம்பினால் குழந்தை கண்டபடி ஏமாறும். "அண்ணன் எங்கே போனான் என்று தெரியவில்லை." இதில் 'எங்கே' இருக்கிறது, கேள்வி இல்லை. "யாரோ கதவைத் தட்டினார்கள்." "எப்போதும் இங்கே காற்று அடிக்கும்." "மழை வருமோ என்னவோ." இவையும் அப்படியே. 'ஆ' ஓசையை நம்பிய ஒரு பையன், "இவர் என் அப்பா" என்பதற்கும் வினாக்குறி போட்டு வந்தான். அவன் அப்பாவுக்கு அதைக் காட்டவில்லை.

ஆகவே சோதனை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: எழுதிய வாக்கியத்தை நண்பனிடம் படித்துக் காட்டு, அவன் பதில் சொன்னால் வினாக்குறி, சும்மா இருந்தால் முற்றுப்புள்ளி. பிள்ளைகளை இருவர் இருவராக உட்காரவைத்து இதைச் செய்யுங்கள். "அண்ணன் எங்கே போனான்?" என்றால் எதிரில் இருப்பவன், "கடைக்கு" என்பான். "எங்கே போனான் என்று தெரியவில்லை" என்றால் அவன் "சரி" என்பதோடு நிறுத்திக்கொள்வான். 'சரி' பதிலாகாது என்பதை மட்டும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

குரலை மட்டும் உயர்த்திக் கேட்பது பேச்சில் உண்டு: "நீ வரல?" எழுதும்போது "நீ வரவில்லையா?" என்று 'ஆ'வைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள், குறியும் தானே வந்து சேரும்.

வடிவத்துக்கு எங்கள் பிள்ளைகளிடம் தூண்டில் முள்ளைத்தான் காட்டினேன், பதிலைப் பிடிக்கும் முள் என்று. கீழே உள்ள புள்ளியை மறப்பவர்களுக்காக, "அதுதான் ஈயக்குண்டு" என்றேன். உடனே ஒருவன் எழுந்து, "எங்கப்பா முள்ளுக்கு மேலதான் ஈயம் கட்டுவாரு அக்கா" என்றான். துறைமுகத்துப் பிள்ளைகளிடம் உவமை சொல்லும்போது இரண்டு முறை யோசியுங்கள். முள் மட்டும் நிலைத்தது, அதுவே போதுமானதாக இருந்தது.

இடவலம் மாறி எழுதும் பிள்ளைகள் நிறைய இருப்பார்கள். மேலே இடப்பக்கம் தொடங்கி, வலப்பக்கமாக வயிறு தள்ளி வளைந்து, நடுவுக்கு இறங்கி நின்று, அதற்குக் கீழே கோட்டின் மேல் ஒரு புள்ளி. காற்றில் பெரிதாக ஐந்து முறை, பிறகு மணலில் விரலால், பிறகு சிலேட்டில். வினாக்குறிக்குப் பக்கத்தில் இன்னொரு முற்றுப்புள்ளியையும் பாதுகாப்புக்காக வைப்பார்கள். "முள்ளின் கீழே ஏற்கெனவே ஒன்று இருக்கிறது" என்று காட்டினால் விட்டுவிடுவார்கள்.

7. உணர்ச்சிக்குறி

இதற்கு மூன்று நாள் போதும். ஆகா, ஐயோ, அடடா ஆகியவற்றோடு தொடங்குங்கள். சுவையான இடம் ஒன்றுதான்: 'என்ன', 'எவ்வளவு' என்ற சொற்கள் இரண்டு வேலையும் செய்யும். "எவ்வளவு விலை?" என்று மீன்காரம்மாவிடம் கேட்கிறோம். அவர் சொன்ன பிறகு, "அம்மாடி, எவ்வளவு விலை!" என்கிறோம். இந்த இரண்டையும் பிள்ளைகளை நடிக்கவைத்தால், குறி மாறினால் வாக்கியமே மாறும் என்பது விளக்கம் இல்லாமலே புரிந்துவிடும்.

"உட்கார்." "கதவை மூடு." என்ற கட்டளைகளுக்கு முற்றுப்புள்ளியே போதும். சினிமா சுவரொட்டிகளைப் பார்த்து வளரும் பிள்ளைகள் ஒன்றுக்கு மூன்றாகப் போடுவார்கள். ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு உணர்ச்சிக்குறிதான் அனுமதி என்று சட்டம் போட்டுவிட்டேன். எந்த வாக்கியத்துக்கு அதைச் செலவழிப்பது என்று அவர்கள் யோசிப்பதைப் பார்க்க வேண்டும்.

8. திருத்தும்போது செய்யக்கூடாதவை

சிவப்புப் பேனாவால் நீங்களே முற்றுப்புள்ளிகளை வைத்துக் கொடுக்காதீர்கள். நான் நாலு மாதம் அப்படிச் செய்தேன், என் கைதான் பழகியது. இப்போது, ஒரு பத்தியில் மூன்று குறி விடுபட்டிருந்தால் ஓரத்தில் '3' என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். எங்கே என்று தேடுவது அவர்கள் பாடு. ஆளுக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகும், ஆனால் இரண்டாம் வாரமே அந்த எண் சிறுக்கத் தொடங்கும். குறியே இல்லாத பத்தியை, இருந்தபடியே, மூச்சு விடாமல் ஒரே ஓட்டமாகப் படித்துக் காட்டுவதும் உதவும். நான் மூச்சு வாங்கும்போது பிள்ளைகள் சிரித்துக்கொண்டே நோட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

சொல்வதை எழுதும் பயிற்சியில் "முற்றுப்புள்ளி" என்று நீங்கள் வாயால் சொல்லவே கூடாது. சொன்னால் அதுவும் இன்னொரு சொல்லாகி, முடிவெடுக்கும் வேலை உங்களுடையதாகிவிடும். குரலை இறக்கி, மனத்துக்குள் மூன்று எண்ணி, அடுத்த வாக்கியத்துக்குப் போங்கள்.

பார்த்து எழுதும் நோட்டில் எல்லாக் குறிகளும் அழகாக இருப்பதைக் கண்டு குழந்தைக்குத் தெரிந்துவிட்டது என்று முடிவு கட்டுவதும் வழக்கமான ஏமாற்றம். அங்கே குழந்தை குறியைப் படமாகப் பார்த்து வரைகிறது, அவ்வளவே.

9. பிற மொழிகளோடு சேரும்போது

ஆங்கிலக் குறிகளைத் தமிழ்க் குறிகள் நிலைபெற்ற மூன்று வாரத்துக்குப் பிறகு தொடங்குங்கள். முற்றுப்புள்ளி இரண்டிலும் ஒன்றே என்பதால் அதற்கு வேலை இல்லை, பெரிய எழுத்தைத்தான் புதிதாகச் சேர்க்க வேண்டும். கேள்வியில்தான் பிள்ளைகள் திணறுவார்கள். தமிழில் 'வந்தானா' என்று கடைசியில் ஒட்டும் அடையாளம், ஆங்கிலத்தில் வாக்கியத்தின் முதல் சொல்லிலேயே வந்துவிடும். குறி வைக்கும் நேரத்துக்குள் அதைக் குழந்தை மறந்திருக்கும். முதல் சொல்லுக்கு அடியில் கோடிட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். புதுச்சேரியில் பிரெஞ்சும் படிக்கும் பிள்ளைகள், வினாக்குறிக்கும் உணர்ச்சிக்குறிக்கும் முன்னால் சிறிது இடம் விடுவார்கள். பிரெஞ்சில் அது முறை, தமிழில் ஒட்டியே வர வேண்டும்.

10. கால அட்டவணையும் வைத்திருக்க வேண்டிய தாள்களும்

மொத்தம் எட்டு வாரம். காதுக்கு இரண்டு, பொட்டுக்கு ஒன்று, முற்றுப்புள்ளி எழுதுவதற்கு இரண்டு, வினாக்குறிக்கு இரண்டு, உணர்ச்சிக்குறியும் கலவைப் பயிற்சியும் சேர்த்து ஒன்று. பள்ளி திறந்ததும் தொடங்காமல், ஜூலைத் தொடக்கத்தில் ஆரம்பித்தால் காலாண்டுத் தேர்வுக்கு முன் முடிக்கலாம். அக்டோபரில் தொடங்கினால் நம் பக்கத்து வடகிழக்குப் பருவமழை விடாது. மழைக்காக வாரத்துக்கு இரண்டு நாள் விடுமுறை விட்டால் பிள்ளைகள் காதுப் பாடத்தை மறந்துவிடுவார்கள். அப்படி நாலு நாளுக்கு மேல் இடைவெளி விழுந்தால், விட்ட இடத்திலிருந்து தொடராமல் ஒரு நாள் புளியங்கொட்டைக்குத் திரும்பிவிட்டு வாருங்கள்.

காதுப் பாடம் தொடங்கும் முன் எந்த உதவியும் இல்லாமல் குழந்தை எழுதிய ஐந்து வரியைத் தேதியிட்டுத் தனியே எடுத்து வையுங்கள். எழுத்து தொடங்கும் நான்காம் வாரம் முதல் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு தாள், அதே கோப்பில். அந்தத் தாளில் நீங்கள் எதையும் திருத்தக்கூடாது. ஓரத்தில், எத்தனை வாக்கியம், எத்தனை குறி சரி என்ற இரண்டு எண்கள் மட்டும். பள்ளி ஆசிரியரைப் பார்க்கப் போகும்போது முதல் தாளையும் கடைசித் தாளையும் எடுத்துப் போங்கள், பார்த்து எழுதிய நோட்டு வேண்டாம். நீங்கள் எந்தப் பெயர்களைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டால், வகுப்பில் "புள்ளி வை" என்று அவர் சொல்லும்போது உங்கள் குழந்தை விழிக்காது.

தொடர்ந்து இரண்டு வெள்ளிக்கிழமைத் தாள்களில் பத்து வாக்கியத்துக்கு எட்டில் குறி சரியாக விழுந்தால் பயிற்சியை நிறுத்திவிடலாம். மீதி இரண்டும், மூன்றாம் வகுப்பின் முடிவுக்குள் தானாக வந்து சேர்வதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். காற்புள்ளியை அதற்குப் பிறகு எடுங்கள்.